இரண்டு லட்சமா, இருபத்தைந்து லட்சமா: பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பிசினஸ் ஸ்கூல்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவரின் மகள் எம்பிஏ படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வில் 99 பர்சன்டைலுக்கு மேல் எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் இரண்டு இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வருகிறது. ஒன்று அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகம், அதாவது ஐஐஎம். இன்னொன்று டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை. எம்பிஏ படிக்க நினைப்பவர்கள் வாயில் அது எஃப்எம்எஸ். அகமதாபாத்தில் இரண்டு வருடப் படிப்புக்குக் கட்டணம் 25 லட்ச ரூபாயை ஒட்டி வரும். எஃப்எம்எஸ்ஸில் இரண்டு லட்சம் அளவில்தான். மாதத்துக்கு இல்லை, செமஸ்டருக்கும் இல்லை, மொத்தப் படிப்புக்கும் சேர்த்தே அவ்வளவுதான்.

வீட்டில் அன்று இரவு நடக்கும் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். 25 லட்சத்தை 9.5 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 32 ஆயிரத்துக்கு மேல் வருகிறது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. பத்து வருடத்தில் கட்டி முடிக்கும் தொகை 38 லட்சத்தைத் தாண்டும். இரண்டு லட்சத்துக்கு அதே வட்டி, அதே கால அளவு என்றால் தவணை 2,600 ரூபாய். முதல் தொகை ஒரு வீட்டின் பத்து வருட வாழ்க்கையை வளைக்கும். இரண்டாவதை மாதாமாதம் கட்டுவதே அவ்வளவாகத் தெரியாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐஐஎம் என்றால் வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்காமலே கடன் தருகின்றன. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஐஐஎம்களும் கட்டணச் சலுகை தருகின்றன. அதனால் ஏழைக்கு அந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போகிறவர் தலையில் என்ன பாரம் ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரே நாடு, ஒரே நுழைவுத் தேர்வு, ஏறக்குறைய ஒரே மாதிரியான வேலைவாய்ப்பு. கட்டணத்தில் மட்டும் எப்படிப் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்? இதற்கு விடை தேடிப் போனால் 1950-களுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே, அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் பிசினஸ் ஸ்கூலுக்கும் இடையே இன்றுவரை தீராத ஒரு வழக்கு தொடங்குகிறது.

சுதந்திரம் கிடைத்த கையோடு இந்தியா பெரிய ஆலைகளையும் அணைகளையும் கட்ட இறங்கியது. இன்ஜினியர்கள் இருந்தார்கள். ஆலையை நடத்தத் தெரிந்தவர்கள் குறைவு. 1953-இல் கொல்கத்தாவில் சமூக நலத்துக்கும் வணிக மேலாண்மைக்குமான கல்வி நிறுவனம் ஒன்று கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தொடங்கியது. அடுத்த வருடமே, 1954-இல், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எஃப்எம்எஸ். ஆரம்ப காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்கள் வந்து பாடத்திட்டத்துக்குக் கைகொடுத்தார்கள். முழுநேர எம்பிஏ 1967-இல் தொடங்கியது. ஆக, இந்தியாவில் மேலாண்மைக் கல்வியின் தொடக்கப் படிகளில் இரண்டு பல்கலைக்கழகத்தின் கூரைக்கு உள்ளேயே எடுத்து வைக்கப்பட்டவை.

அப்புறம் ஒரு திருப்பம். 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு, அகில இந்திய அளவில் மேலாண்மை நிறுவனம் ஒன்றை எப்படி அமைப்பது என்று ஆலோசனை சொல்ல ஜார்ஜ் ராபின்ஸ் என்பவரை வரவழைத்தார்கள். அவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின், அதாவது யுசிஎல்ஏவின், பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு அவர் சொன்ன யோசனையின் சாரம் இதுதான்: நிறுவனத்தைத் தொடங்குங்கள், ஆனால் இருக்கிற பல்கலைக்கழகங்களுக்குள் வைக்காதீர்கள், தனித்து இயங்க விடுங்கள். அந்த யோசனையின் வழியில்தான் 1961-இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் வந்தன. கொல்கத்தாவுக்கு எம்ஐடியின் ஸ்லோன் பள்ளி துணை. அகமதாபாத்துக்கு முதலில் யுசிஎல்ஏ துணை நிற்பதாகப் பேச்சு இருந்தது, கடைசியில் ஹார்வர்டு வந்தது.

தானே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இந்தியாவிடம் மட்டும் ஏன் வெளியே வையுங்கள் என்றார்? நம் பல்கலைக்கழகங்களில் கொஞ்ச நாள் புழங்கியவர்களுக்கு அவருடைய பயம் புரியும். பாடத்திட்டத்தில் ஒரு தாளை மாற்ற வேண்டுமென்றால் துறைக் குழு, பாடத்திட்டக் குழு, புல அவை, கல்விப் பேரவை என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒருவரை ஆசிரியராக எடுக்க விளம்பரம், தேர்வுக் குழு, நிர்வாகப் பேரவை, சில நேரம் நீதிமன்ற வழக்கு. புரொஜெக்டர் பல்பு எரிந்துபோனால் மூன்று கொட்டேஷன். சந்தை வாராவாரம் மாறும்போது அதைப் பற்றிச் சொல்லித்தரும் இடம் இப்படி நகர்ந்தால் உருப்படாது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

அந்தத் தனித்த நிலைக்கு ஒரு விலையும் உண்டு. ஐஐஎம்களால் பட்டம் தர முடியவில்லை. சட்டப்படி அவை பல்கலைக்கழகம் இல்லை என்பதால் ஐம்பது வருடத்துக்கு மேல் அவை கொடுத்தது டிப்ளமோ மட்டுமே. ஐஐஎம் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 ஜனவரி கடைசியில் அமலுக்கு வந்த பிறகுதான் எம்பிஏ என்று பட்டம் எழுதித் தர முடிந்தது. அதுவரை நாட்டின் பெயர்போன மேலாண்மைப் பள்ளிகள் டிப்ளமோவும், பெயரே தெரியாத பல்கலைக்கழகத் துறைகள் எம்பிஏ பட்டமும் கொடுத்துக்கொண்டிருந்தன.

இன்னொரு விலை மெல்ல மெல்ல ஏறியது. அதுதான் கட்டணம். 2004 பிப்ரவரியில் அப்போதைய மத்திய மனிதவள அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் அளவில் இருந்த ஐஐஎம் கட்டணத்தை 30 ஆயிரமாகக் குறைக்க உத்தரவிட்டார். விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் அறிக்கையை அதற்கு ஆதாரம் காட்டினார். ஐஐஎம்கள் கொதித்துப்போயின. கட்டணத்தைக் குறைத்து மானியத்தைக் கூட்டினால் எங்கள் சுதந்திரம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கோடையில் ஆட்சி மாறியது. புதிய அமைச்சர் அர்ஜுன் சிங் உத்தரவைக் கைவிட்டார். நாலே வருடத்தில், 2008-இல் சேர்ந்தவர்களுக்கு, அகமதாபாத் தன் இரண்டு வருடக் கட்டணத்தை 11.5 லட்சமாக உயர்த்தியது. இன்றைய 25 லட்சம் அந்தப் பாதையின் தொடர்ச்சிதான்.

அந்தச் சண்டையில் இரு தரப்புமே பாதி உண்மையைத்தான் சொன்னார்கள் என்பது என் எண்ணம். மானியம் கொடுக்கிற அமைச்சகம் நியமனத்திலும் பாடத்திலும் கைவைக்கும் என்ற பயம் உண்மையானது. 2023-இல் ஐஐஎம் சட்டத்தைத் திருத்திக் குடியரசுத் தலைவரை வருகையாளர் (விசிட்டர்) என்ற மேல்பதவியில் வைத்து, இயக்குநர் நியமனத்தில் அரசுக்கு வழி திறந்தபோது, கட்டணம் உயர்ந்து மானியம் குறைந்த பிறகும் அந்தக் கை நீளத்தான் செய்தது. அப்படியானால் மாணவர்கள் தலையில் 25 லட்சத்தை ஏற்றி வாங்கிய சுதந்திரம் எவ்வளவு தூரம் நிலைத்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடந்துபோக முடியவில்லை.

சரி, எஃப்எம்எஸ்ஸுக்கு வருவோம். பல ஆண்டுகள் அதன் கட்டணம் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் சொச்சம்தான். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 21 ஆயிரம். அதற்குப் பின்தான் படிப்படியாக ஏறி இன்றைய நிலைக்கு வந்தது. அதே சமயம் படித்து வெளியே போகிறவர்களின் சராசரிச் சம்பளம் அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு 30 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. போட்ட பணத்துக்குக் கிடைக்கும் பலன் என்று கணக்குப் பார்க்கிற பட்டியல்களில் எல்லாம் எஃப்எம்எஸ் முதல் வரிசையில் நிற்பது இதனால்தான்.

இது எப்படி முடிகிறது? பல்கலைக்கழகம் என்ற பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளையாக இருப்பதால் முடிகிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1922-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். ஆசிரியர் சம்பளம் பல்கலைக்கழக மானியக் குழு வழியாக மத்திய அரசுப் பணத்திலிருந்து வருகிறது. நிலம் பல்கலைக்கழகத்தினுடையது. நூலகம், தேர்வுப் பிரிவு, மைதானம், மருத்துவ மையம் எல்லாம் பொது. வடக்கு வளாகத்தில் விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம். பழைய மாணவர்கள் அதைப் பாசத்தோடு கனவுகளின் சிவப்புக் கட்டடம் என்கிறார்கள். ஐஐஎம் வளாகங்களைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர் இவ்வளவுதானா என்று கேட்கலாம். அகமதாபாத்தில் லூயி கான் என்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கட்டிய வளைவுகளும் முற்றங்களும் இங்கே கிடையாது. விடுதி இடமும் எல்லோருக்கும் போதாது. வடக்கு வளாகத்து மாணவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல விஜய் நகரிலோ கமலா நகரிலோ அறை எடுத்துத் தங்குகிறவர்கள் இங்கும் உண்டு.

ஆனால் இந்தக் குடும்பத்தில் இருப்பதற்கும் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலை ஆசிரியர் பக்கம் விழுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஐஐஎம்மில் முதல் நிலை (கிரேடு I) உதவிப் பேராசிரியருக்கு அது 1,01,500 ரூபாயில் தொடங்குகிறது. ஆலோசனைப் பணியில் கிடைக்கும் வருமானமும் ஆராய்ச்சிக்கான தாராளப் பணமும் அங்கே கூடுதல். எஃப்எம்எஸ் வகுப்பறையில் நிற்கும் இளம் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாணவி அடுத்த வருடம் மாதம் இரண்டரை லட்சம் வாங்கப் போகிறாள். அவர் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதியை எட்டுவது கஷ்டம். அப்படியும் அங்கே வந்து பாடம் நடத்துகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் மரியாதையை வைத்து ஒரு நிறுவனத்தை நெடுநாள் ஓட்ட முடியாது. காலியிடம் நிரப்பத் தாமதம், துறைத் தலைமை சீனியாரிட்டிப்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை கைமாறுவதால் நீண்ட காலத் திட்டம் போட முடியாமை, இவையும் சேர்ந்துகொள்கின்றன.

பல்கலைக்கழகத்துக்குள் இருப்பதால் கிடைப்பது மலிவு மட்டும்தானா? இல்லை. கட்டணத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம் ஊரில் யாரும் அதிகம் பேசாதது அது.

கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஹாஸ் பிசினஸ் ஸ்கூல் இருக்கிறது. 1898-இல் கோரா ஜேன் ஃப்ளட் என்ற பெண்மணி கொடுத்த நன்கொடையில் வணிகக் கல்லூரியாகத் தொடங்கியது. அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இதுதான் முதல் பிசினஸ் ஸ்கூல். அங்கே ஆலிவர் வில்லியம்சன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவர் பதவிப் பெயரிலேயே வணிகம், பொருளாதாரம், சட்டம் என்று மூன்று துறைகளும் சேர்ந்திருந்தன. ஒரு கம்பெனி எதைத் தானே செய்ய வேண்டும், எதை வெளியே கொடுக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. 2009-இல் எலினோர் ஆஸ்ட்ரமோடு சேர்ந்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. விளையாட்டுக் கோட்பாட்டுக்காக 1994-இல் நோபல் வாங்கிய ஜான் ஹர்சானியும் அதே பள்ளியில் பாடம் நடத்தியவர்.

வில்லியம்சனின் கேள்வி திருப்பூர்க்காரர்களுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். பனியன் கம்பெனி நடத்துகிறவர் நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளலாம். அல்லது சாயத்தை ஜாப் ஒர்க்குக்கு விட்டுவிட்டு கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கலாம். வெளியே விட்டால் முதலீடு மிச்சம். ஆனால் ஷேடு மாறிவிட்டால்? ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது சாயப்பட்டறைக்காரர் வேறு பெரிய ஆர்டரை முதலில் போட்டுவிட்டால்? எவ்வளவுதான் பேசி எழுதி வைத்தாலும் எழுதாமல் விட்டுப்போனது ஒன்று வந்து நிற்கும். சொந்தமாகப் பட்டறை போட்டால் அந்தத் தலைவலி இல்லை, ஆனால் பணம் இயந்திரத்தில் முடங்கிவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது சொந்தப் பட்டறை வைத்திருந்தவருக்கு முதலீடே முடங்கியது. ஜாப் ஒர்க்கை நம்பியிருந்தவர் துணியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு ஓட வேண்டியிருந்தது. பேரம் பேசுவதற்கும், ஒப்பந்தம் போடுவதற்கும், அதை மீறாமல் பார்த்துக்கொள்வதற்கும் ஆகும் செலவுதான் ஒரு கம்பெனியின் எல்லை எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிக்கிறது என்பது வில்லியம்சன் வாதம்.

இப்படி ஒரு யோசனை வெறும் எம்பிஏ வகுப்பறையிலிருந்து வருவது கஷ்டம். பக்கத்துக் கட்டடத்தில் சட்டக்காரரும், எதிர்க் கட்டடத்தில் பொருளாதாரக்காரரும் இருக்க வேண்டும், அவர்களோடு டீக்கடையில் சண்டை போட வேண்டும். எஃப்எம்எஸ்ஸுக்கு அந்த அக்கம்பக்கம் இருக்கிறது. 1949-இல் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிய டெல்லி பொருளாதாரப் பள்ளி அதே வடக்கு வளாகத்தில்தான். சட்டப் புலமும் அங்கேயே. அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய பள்ளி பக்கத்தில் இருக்கிறது என்பது எந்தத் தனித்த வளாகமும் காசு கொடுத்து வாங்க முடியாத சொத்து. அதை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று கேட்டால் பதில் உற்சாகமாக இல்லை. துறைகளுக்கு இடையே சுவர் நம் பல்கலைக்கழகங்களில் உயரம். எம்பிஏ மாணவரின் கவனமும் சேர்ந்த மாதத்திலிருந்தே சம்மர் பிளேஸ்மென்ட் பக்கம் போய்விடுகிறது.

ராபின்ஸ் வேலை பார்த்த யுசிஎல்ஏ பள்ளிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதும் இந்தக் கதையில் சேர வேண்டியது. 1935-இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு 1987-இல் ஜான் ஆண்டர்சன் ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தார். பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. மாநில அரசின் நிதி வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போனது. 2010 வாக்கில் டீனாக இருந்த ஜூடி ஓலியன், முழுநேர எம்பிஏவுக்கு இனி அரசுப் பணமே வேண்டாம், கட்டணத்திலும் நன்கொடையிலும் நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று முன்மொழிந்தார். பேராசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வரலாறும் மொழியும் சொல்லித்தரும் துறைகளால் இப்படிச் சொந்தக் காலில் நிற்க முடியுமா, பணம் பார்க்கத் தெரிந்த துறைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டால் மிச்சமிருப்பது பல்கலைக்கழகமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். எங்கள் வரவில் அரசுப் பணம் சிறு துளிதான், அதை விட்டுக்கொடுத்தால் மற்றத் துறைகளுக்கே நல்லது என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். ஆசிரியர் பேரவையில் குறைந்த வித்தியாசத்தில் அது தேறியது. 2013-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மார்க் யூடாஃப் ஒப்புதல் கொடுத்தார். இன்று அங்கே முழுநேர எம்பிஏவுக்கு வருடத்துக்கு 70 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. பலகையில் இன்னும் அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான்.

எதிர்த்தவர்கள் கேட்டதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். கூட்டுக் குடும்பத்தில் நன்றாகச் சம்பாதிக்கிற பிள்ளை, எனக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டாம், நானும் வீட்டுச் செலவுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அடுப்பு எரிவதை யார் பார்ப்பது?

இந்தியாவிலும் அந்தக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. 2017-இல் அமைத்த உயர்கல்வி நிதி முகமை, மத்தியக் கல்வி நிறுவனங்களின் கட்டடங்களுக்கு மானியத்துக்குப் பதில் கடன் தருகிறது. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டுவதற்கு வரவு வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தில் யாருடைய கட்டணத்தை உயர்த்தினால் சத்தம் குறைவாக வரும்? எம்பிஏ மாணவருடையதுதான். 30 லட்சம் சம்பளம் வாங்கப் போகிறவர்தானே, கொடுக்கட்டுமே என்று வெளியே இருப்பவர்களுக்கும் தோன்றும்.

இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நாட்டின் வரிப் பணத்தில் படித்து, பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்துக்கோ சோப்பு, ஷாம்பூ விற்கும் கம்பெனிக்கோ போகிறவருக்கு ஏன் மானியம்? அதுவும் பெரிய நகரத்தில் கோச்சிங் சென்டர் போய் 98, 99 பர்சன்டைல் எடுக்கக்கூடிய குடும்பங்களிலிருந்து பலர் வரும்போது? ஒரு பதில், மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 என்று பாதிக்கு மேல் இடம் ஒதுக்கீட்டில் இருக்கிறது என்பது. அங்கே வருகிறவர்களில் வீட்டில் முதல் பட்டதாரிகள் இருப்பார்கள். கட்டணத்தை உயர்த்திவிட்டு ஏழைக்கு மட்டும் சலுகை என்று சொன்னால் அந்தச் சலுகைக்கு வருமானச் சான்றிதழோடு வரிசையில் நிற்க வேண்டும். தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும் அது என்ன என்று. அதுவும் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர் போன்றவர்கள் பல நேரம் வரம்புக்கு ஒரு கோடு மேலே இருந்து சலுகையை இழப்பார்கள்.

இன்னொரு பதில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கடன் ஒருவர் முதலில் எந்த வேலைக்குப் போகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. மாதம் 32 ஆயிரம் தவணை இருக்கிறவள், மாவட்டக் கூட்டுறவுப் பால் ஒன்றியத்திலோ, நெசவாளர் சங்கத்திலோ, ஊரில் அண்ணன் தொடங்கிய சின்னப் பட்டறையிலோ போய் நிற்க முடியாது. 2,600 ரூபாய்த் தவணை இருக்கிறவளால் முடியும். இரண்டு லட்சக் கட்டணத்தில் அரசு அந்தப் பெண்ணுக்குத் தருவது தேர்ந்தெடுக்கிற உரிமையை.

முடியும் என்றேன், செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. எஃப்எம்எஸ்ஸிலும் பெரும்பாலோர் போவது ஆலோசனை நிறுவனங்களுக்கும், நுகர்பொருள் கம்பெனிகளுக்கும், வங்கிகளுக்கும்தான். குறைந்த கட்டணம் கதவைத் திறக்கிறது, நடந்து போகச் சொல்லி யாரும் கையைப் பிடிப்பதில்லை. பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் பிசினஸ் ஸ்கூலில் பாடங்களும் பொதுவான பொருளாதாரத்தைத் தொட வேண்டும். நாட்டில் தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெட்டிக்கடை, பட்டறை, விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனி என்று இருக்கிறார்கள். வகுப்பில் அலசும் கேஸ் ஸ்டடியில் அவர்கள் எத்தனை பேர்? மாநகராட்சியின் குடிநீர்க் கட்டணக் கணக்கு, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டீசல் செலவு, ரேஷன் கடைக்கு அரிசி போய்ச் சேரும் வழி, இவையும் மேலாண்மைதான். இவற்றை ஆராய்வதற்குப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

உள்ளேயா வெளியேயா என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் திருச்சி முயன்று பார்த்தது. 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் இரண்டே வருடத்தில், 1984-இல், பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கியது. திருச்சிக்காரர்களுக்கு அது பிம். பெல் (பாரத மிகுமின்) ஆலை வளாகத்துக்குள் இடம், பட்டம் பல்கலைக்கழகத்துடையது, நிர்வாகத்தைப் பார்க்கத் தொழில்துறையினர் அடங்கிய தனிக் குழு. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் பிசினஸ் ஸ்கூலுக்கு அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு தாராளமாகச் சுதந்திரம் கொடுத்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் 2001-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் வந்தது. தொழில்நுட்பப் படிப்புகளை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின், அதாவது ஏஐசிடிஇயின், முன் அனுமதி இல்லாமல் பல்கலைக்கழகம் தொடங்கலாமா என்பது வழக்கு. பல்கலைக்கழகத்துக்கு முன் அனுமதி தேவையில்லை என்றது நீதிமன்றம். நாடு முழுவதும் பல்கலைக்கழகத் துறைகளுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு கேடயம்.

என்னைக் கேட்டால், உள்ளேயே இருக்கட்டும், ஆனால் கயிறு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்பேன். டீனுக்கு ஐந்து வருடம் உறுதியான பதவி வேண்டும், வெளியிலிருந்து தொழில் அனுபவம் உள்ளவரை இரண்டு வருடத்துக்கு அழைத்து வரும் அதிகாரம் வேண்டும். ஆலோசனைப் பணியில் வரும் பணத்தில் ஒரு பங்கு ஆசிரியருக்கு, ஒரு பங்கு பள்ளிக்கு, ஒரு பங்கு பக்கத்திலிருக்கும் தமிழ்த் துறைக்கோ வரலாற்றுத் துறைக்கோ போகட்டும். சராசரி 30 லட்சம் சம்பளத்துக்குப் போகும் பழைய மாணவர்கள் தாங்கள் கட்டாத 23 லட்சத்தில் கொஞ்சத்தையாவது திருப்பித் தர ஒரு நிதி அமைக்கலாம். சேரும்போது வாங்காமல், சம்பாதித்த பிறகு, தவணையாக இல்லாமல் மனதார. அந்த நிதியிலிருந்து கூட்டுறவுக்கோ அரசு நிறுவனத்துக்கோ சிறு தொழிலுக்கோ போகிறவருக்கு முதல் இரண்டு வருடச் சம்பளத்தை ஈடுகட்டலாம்.

1979-இல் வர்கீஸ் குரியன் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஊரக மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கினார். கோழிக்கோட்டில் பிறந்து சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த அதே குரியன்தான். பால் கூட்டுறவுகளை நடத்த அவருக்குப் படித்த மேலாளர்கள் வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிகளைப் பார்த்துப் பழகிய பட்டதாரிகள் கிராமத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதனால் தனியாக ஒரு பள்ளியையே கட்டினார். நாற்பத்தாறு வருடம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனித்து இயங்கிய அந்தப் பள்ளியை, 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக மாற்றியிருக்கிறது. ராபின்ஸ் வெளியே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன நாட்டில், வெளியே இருந்த ஒரு மேலாண்மைப் பள்ளியே அரசுப் பல்கலைக்கழகமாகிறது. அங்கே கட்டணம் எங்கே போய் நிற்கப் போகிறது, ஆனந்தில் படித்த பெண் ஈரோட்டிலோ ஆரணியிலோ ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வருவாளா என்பதை அடுத்த சில மே மாதங்களில் பார்க்கலாம்.